ராடு நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம்

இரவுத் தூண்டிலுக்கு விளக்கு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லா பளிச்சுனு எரியும்?" என்றுதான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ராடு (தூண்டில் கோல்) நுனியில் மாட்டுகிற விளக்கு எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குமேல் வேண்டாம். அது வேறு எதையும் நமக்குக் காட்டித் தர வேண்டியதில்லை. தான் அசைவதைக் காட்டினால் போதும்.

பகலில் ராடு நுனியை யாரும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பேசிக்கொண்டிருப்போம், இரை கோத்துக்கொண்டிருப்போம், எதிர்க்கரையை வேடிக்கை பார்ப்போம். ஆனாலும் நுனி லேசாகத் தலையாட்டினால் கை தானாக ராடுக்குப் போய்விடும். நுனிக்குப் பின்னால் வானம் இருக்கிறது, மரம் இருக்கிறது, நீர் முடிகிற விளிம்பு இருக்கிறது. அசையாத அத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் அசைந்தால் கண் அதை விடாது. இருட்டியதும் நுனி காணாமல் போகிறது, கூடவே அந்தப் பின்னணியும் போய்விடுகிறது. விளக்கு மாட்டினால் நுனி திரும்பக் கிடைக்கும். பின்னணி கிடைக்காது. இரவில் "கொத்துது, கொத்துது" என்று எழுந்து ஓடி, வெறும் முள்ளைச் சுற்றி எடுக்கிற கதைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

விளக்கே வேண்டாம், ராடில் கட்டுகிற மணி போதும் என்பவர்கள் உண்டு. மணி நல்ல பொருள்தான். தூங்குகிறவரை எழுப்பும். ஆனால் அது சொல்வது ஒரே ஒரு சேதி: ஏதோ ஆனது. என்ன ஆனது என்று சொல்லாது. பொடிமீன் இரையைக் கொறித்ததா, பெரிய மீன் வாயில் கவ்விக்கொண்டு நகர்ந்ததா, பாசி வந்து நரம்பில் (தூண்டில் நூலில்) ஏறியதா, எல்லாவற்றுக்கும் அதே கிணிகிணிதான். நரம்பை விரலில் பிடித்துக்கொண்டு உட்காருவது எல்லாவற்றையும்விட நுட்பமானது, ஆனால் ஒரு ராடுக்குத்தான் ஆகும். அதுவும் விடிய விடிய முடியாது. நரம்பு ஓடினால் பீப் அடிக்கிற மின்னணு அலாரம், ராடைச் சாய்த்து வைக்கிற தாங்கியில் உட்கார்ந்திருக்கும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது அதற்கு நிகர் இல்லை, நுனியில் நடக்கிற சின்னச் சின்னச் சங்கதி மட்டும் அதற்குச் சரியாக எட்டாது. விளக்கு ஒன்றுதான் நுனி எந்தப் பக்கம் போனது, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், திரும்பி வந்ததா இல்லையா என்று முழுசாகக் காட்டும்.

ஆனால் அது பொய்யும் சொல்லும்.

கும்மிருட்டில் ஒரே ஒரு சிறு ஒளிப்புள்ளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அசையாமல் இருக்கிற அந்தப் புள்ளி மெல்ல நகரத் தொடங்கும். ஒரு பக்கமாக வழுக்கிப் போகும், நிற்கும், வேறு திசையில் இழுக்கும். இது கண்ணில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் வருவதில்லை, எல்லோருக்கும் வருவது. நம் கண் ஒருபோதும் முழுசாக அசையாமல் நிற்பதில்லை, உற்றுப் பார்க்கும்போதும் நுண்ணிய அசைவுகள் இருந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் பொருள்கள் தெரியும்போது மூளை அதைக் கழித்துவிடும். ஒப்பிட எதுவும் இல்லாத இருட்டில் நகர்வது கண்ணா, விளக்கா என்று அதற்குப் பிடிபடுவதில்லை. அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் 1799இல் விண்மீன்கள் இப்படி அலைவதைப் பார்த்து, மீன்களே நிஜமாக ஆடுகின்றன என்று நினைத்தார் (வானத்து மீன்களைச் சொல்கிறேன்). அது பார்ப்பவர் கண்ணின் வேலை என்பது பிற்பாடு தெரிந்தது. இரவில் பறக்கும் விமானிகளுக்குப் பயிற்சியிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை சொல்லித் தருகிறார்கள். தூண்டில்காரர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

1935இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் இதையே வைத்து ஒரு சோதனை செய்தார். இருட்டறையில் அசையாத ஒரு புள்ளி வெளிச்சம். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்ப்பவர்கள் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். குழுவாக உட்கார வைத்ததும், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கேட்க, அளவுகள் நெருங்கி வந்து ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. நகராத விளக்குக்கு! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது நடப்பது இதுவேதான்.

"அண்ணே, நுனி இறங்குற மாதிரி இல்ல?"

"ஆமாடா, நானும் பார்த்தேன். விடு, இன்னொரு தடவை வரட்டும்."

"இப்ப பாருங்க, மறுபடியும்!"

அப்புறம் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருக்காது. எடுத்துப் பார்த்தால் இரை வைத்தது வைத்தபடி இருக்கும். "கவ்விட்டு விட்டுட்டான்" என்று இருவரும் ஒத்துக்கொண்டு மறுபடி வீசுவார்கள்.

இதற்கு மருந்து இரண்டாவது புள்ளி. நான் ஒரு ராடுக்கு இரண்டு விளக்கு கட்டுகிறேன். ஒன்று, நரம்பு நுழைந்து போகிற வளையங்களில் கடைசியான நுனி வளையத்துக்குச் சற்றுக் கீழே. இன்னொன்று அங்கிருந்து இரண்டு முழம் போல இறங்கி, ராடு அவ்வளவாக வளையாத இடத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடினால் அது காற்று, அல்லது தாங்கி ஆடுகிறது, அல்லது என் கண் ஆடுகிறது. மேலே இருப்பது மட்டும் கீழே இருப்பதை விட்டு விலகினால் நரம்பின் மறுமுனையில் ஏதோ இருக்கிறது. இரண்டு புள்ளிகளையும் மனதில் ஒரு கோடாக இணைத்துக்கொண்டால், அந்தக் கோட்டின் சாய்வே ராடின் வளைவு. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும்; ஒற்றை விளக்கில் இது தெரியவே தெரியாது. கீழ் விளக்கு மேல் விளக்கைவிட இன்னும் மங்கலாக, முடிந்தால் வேறு நிறத்தில் இருந்தால் எது எது என்ற குழப்பமும் வராது.

இரண்டாவது விளக்கு கட்ட மனமில்லை என்றால் உட்காரும் இடத்தை மாற்றலாம். தூரத்தில் ஏதாவது நிலையான வெளிச்சம் தெரிந்தால், நம் இருக்கையிலிருந்து பார்க்கும்போது ராடு நுனி அதற்குப் பக்கத்தில் வரும்படி நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டும். விண்மீனும் உதவும், ஆனால் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் அவ்வப்போது வேறொன்றைப் பிடிக்க வேண்டும். இரண்டு ராடு போட்டிருந்தால் பக்கத்து ராடின் விளக்கே அளவுகோல். நுனிகள் ஒரே உயரத்தில், நெருக்கமாக இருக்கும்படி தாங்கிகளை ஊன்றினால் ஒன்று தாழ்ந்தாலும் உடனே பிடிபடும்.

தக்கை போட்டுப் பிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. தக்கையின் தலையில் செருகிய ஒளிக்குச்சிக்கு (வளைத்து உடைத்தால் ஒளிரும் சின்ன பிளாஸ்டிக் குழாய்), அமைதியான நீரில், அடியிலேயே ஒரு பிம்பம் கிடைக்கிறது. இலவசமாக இரண்டாவது புள்ளி. தக்கை அமிழும்போது இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். மீன் இரையை மேலே தூக்கி, தக்கை எழும்பினால் இரண்டும் விலகும். முழுசாக உள்ளே போய்விட்டால் நீருக்கடியில் பச்சையாக ஒரு கறை ஓடுவது தெரியும். இரவுத் தூண்டிலில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இதற்காகவே ஆழம் குறைந்த, காற்றில்லாத இடம் கிடைத்தால் ராடு விளக்கை ஓரமாக வைத்துவிட்டுத் தக்கைக்குப் போய்விடுவேன்.

நிறம். இதிலும் கண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள்: வெளிச்சத்திலும் நிறத்திலும் வேலை செய்யும் கூம்புகள், இருட்டில் வேலை செய்யும் கோல்கள். இருட்டுக்குள் போனதும் கூம்புகள் பத்து நிமிடம் போலப் பழகி அத்தோடு நின்றுவிடும். கோல்கள் மெதுவாக, அரை மணி நேரமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு கூர்மையாகிக்கொண்டே போகும். கோல்களுக்கு மிக நன்றாகத் தெரிவது சுமார் 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை. ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய தெரியாது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1819இலேயே விடியற்காலை மங்கலில் சிவப்புப் பூக்கள் கருத்தும் நீலப் பூக்கள் எடுப்பாகவும் தெரிவதைக் கவனித்திருக்கிறார்.

பார்வையின் நட்டநடுவில் கோல்கள் கிடையாது, சுற்றியுள்ள ஓரத்தில்தான் நிறைய. அதனால் மங்கலான பச்சைப் புள்ளியை நேராகப் பார்ப்பதைவிடச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் நன்றாகத் தெரியும். நமக்கும் இதுதானே வேண்டும்? நுனியை விடாமல் முறைக்காமல், கடைக்கண்ணில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். எனவே நுனிக்குப் பச்சை. சிவப்பு விளக்கு மாட்டினால் கடைக்கண்ணில் அது தேய்ந்துவிடும், நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும். நேராகப் பார்க்கப் பார்க்க அந்தப் பொய் அசைவும் கூடும். சிவப்பின் இடம் நெற்றியில். முடிச்சுப் போட, இரை கோக்க, முள் கழற்ற, தலைவிளக்கைச் சிவப்பில் வைத்து மங்கலாக எரியவிட்டால் கோல்கள் பழகியது கெடாமல் இருக்கும். வெள்ளை டார்ச்சை ஒரு தரம் முகத்துக்கு நேரே அடித்தால் அரை மணி நேரச் சம்பாத்தியம் போச்சு.

படகில் போகிறவர்கள் மட்டும் இந்த இரண்டு நிறங்களையும் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, ஓடும் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு. ராடு நுனியில் இதே நிறத்தில் ஏதாவது பளிச்சென்று எரிந்தால், எதிரே வருகிறவர் நம் படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குழம்ப இடமுண்டு. நங்கூரம் போட்டிருந்தால் எல்லாத் திசையிலும் தெரிகிற வெள்ளை விளக்குதான் முறை. ராடு விளக்குகள் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது. மங்கலாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

சரி, எந்த விளக்கு? பழையதும் இன்றைக்கும் எனக்குப் பிடித்ததும் வேதி ஒளிக்குச்சி. வளைத்தால் உள்ளே டக்கென்று உடைந்து ஒளிர்கிறதே, அதுதான். ராடுக்கும் தக்கைக்கும் வருவதில் மிகப் பரவலான அளவு 4.5 மில்லிமீட்டர் தடிமன், நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். தக்கைகளுக்கு 3 மில்லிமீட்டர் தடிமனிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு திரவம், அதற்குள் மெல்லிய கண்ணாடிக் குப்பியில் இன்னொரு திரவம். ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. மற்றது ஆக்சலேட் எஸ்டர் எனப்படும் சேர்மமும் ஒளிரும் சாயமும். குப்பி உடைந்து கலந்ததும் வேதிவினையில் வெளியாகும் ஆற்றலைச் சாயம் வாங்கிக்கொண்டு ஒளியாக விடுகிறது. சூடு இல்லை, மின்கலம் இல்லை, நனைந்தாலும் கவலை இல்லை. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் எட்வின் சாண்ட்ராஸ் இந்த வினையின் முதல் வடிவத்தைக் கண்டார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ராவ்ஹட் குழுவினர் அதைக் கையில் பிடிக்கிற பொருளாக வளர்த்தெடுத்தார்கள்.

வேதிவினை என்பதால் தட்பவெப்பம்தான் எசமான். புழுக்கமான இரவில் பிரகாசமாக எரிந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். குளிரில் மங்கலாக, நீண்ட நேரம் எரியும். உடைத்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் உச்சம், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குச்சி மங்கிக்கொண்டே வர, நம் கண்ணோ கூர்மையாகிக்கொண்டே போகிறது. நள்ளிரவுக்கு மேல் அந்தத் தேய்ந்த பச்சையே போதுமானதாக இருக்கும். பாதி எரிந்த குச்சியை உறைபெட்டியில் வைத்தால் வினை வெகுவாக மட்டுப்பட்டு மறுநாள் மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்பதும் உண்மைதான், ஆனால் நுனிக்கு அது பத்தாது. கீழ் விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். குச்சி வருகிற தகட்டு உறை ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுப்பதற்காக உள்ளது. உறை ஓட்டையாகியிருந்தால் உடைத்தாலும் எரியாமல் போகலாம். பையில் அழுத்தி வைத்தால் உள்ளே குப்பி உடைந்து, எடுக்கும்போதே ஓய்ந்து போயிருக்கும், அதனால் ஒரு கெட்டி டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.

எரிந்து முடிந்த குச்சி வெறும் பிளாஸ்டிக் இல்லை. உள்ளே உடைந்த கண்ணாடி, தாலேட் வகைக் கரைப்பான்கள், பெராக்சைடின் மிச்சம் எல்லாம் இருக்கும். குழாயை வெட்டித் திறந்து விளையாடக் கூடாது, கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல். ஆழ்கடலில் வாள்மீனுக்கு நீண்ட கயிற்றுத் தூண்டில் விடுகிறவர்கள் பெரிய ஒளிக்குச்சிகளை ஏராளமாகக் கட்டுகிறார்கள், அவற்றில் பல கரை ஒதுங்குகின்றன. ஆய்வுத் தொட்டியில் இளம் பெருந்தலை ஆமைகள் இந்தக் குச்சியின் ஒளியை நோக்கித் திரும்பி நீந்தியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சின்னக் குச்சி அந்த அளவுக்கு இல்லை என்றாலும், எண்ணிக் கட்டி எண்ணிக் கழற்றுவது என் பழக்கம். வீசும்போது பறந்து போகிற குச்சிதான் பெரிய எதிரி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எல்.இ.டி. விளக்குகளில் ஊசி வடிவ லித்தியம் மின்கலம் போடுகிறார்கள். சி.ஆர்.425 என்றால் 4 மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளம், சி.ஆர்.322 அதைவிட மெலிது. இரண்டுமே 3 வோல்ட். ஒரே வெளிச்சம் ராத்திரி முழுக்க நிற்கும், பல இரவுகளுக்கு வரும், குப்பை குறைவு. எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும் என்பதால் மின்கலத்தைத் திருப்பிப் போட்டால் எரியாது. "புதுசு வாங்கியும் வேலை செய்யலை" என்பதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். இவற்றின் குறை, தேவைக்கு மேல் பிரகாசம். கருப்பு மின்காப்பு நாடாவைச் சுற்றி, உட்காரும் பக்கம் மட்டும் ஒரு கீற்று விட்டுவிட்டால் சரியாகிவிடும். அசைந்தால் நிறம் மாறும், சிணுங்கும் என்றெல்லாம் வருகிற வகைகள் எனக்கு ஒத்துவரவில்லை. அலைக்கும் காற்றுக்கும் சேர்த்துச் சிணுங்கினால் மீனுக்கு என்ன மிச்சம்? மின்கலம் இவ்வளவு சின்னதாக இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது முக்கியம். விழுங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய சமாசாரம்.

ட்ரிட்டியம் குப்பிகள் இன்னொரு ரகம். மூடிய கண்ணாடிக் குழலுக்குள் கதிரியக்க ஹைட்ரஜன் வாயு. அது வெளியிடும் எலெக்ட்ரான்கள் உட்பூச்சில் பட்டு ஒளிரும், கண்ணாடியைத் தாண்டி வெளியே வராது. அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் வருடக்கணக்கில் எதுவும் செய்யாமல் எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சம் மிக மிக மங்கல், அதாவது எனக்குத் தேவையான அதே அளவு. சில நாடுகளில் வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒளியை வாங்கி வைத்து உமிழும் பச்சைப் பூச்சு சாயங்காலம் அட்டகாசமாக இருக்கும், நடுராத்திரியில் கைவிட்டுவிடும். புற ஊதா விளக்கு அடித்து, ஒளிரும் சாயம் சேர்த்த நரம்பையே பார்க்கிற முறையும் இருக்கிறது. நரம்பு நீல நூலாகத் தெரியும், தளர்ச்சி வந்தால் உடனே தெரியும். படகிலிருந்து பக்கத்தில் பிடிக்கும்போது அருமை. தூரமாக வீசிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவ்வளவு உபயோகமில்லை.

கட்டுவதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ராடின் மிக மெல்லிய இடம் நுனி. மீன் மெதுவாகத் தொட்டதைக் காட்டுவதும் அந்த மெல்லிய இடம்தான். அங்கே சில கிராம் எடையுள்ள கிளிப் விளக்கைக் கவ்வ விட்டால் நுனி மந்தமாகிவிடும், ஒரு தடவை ஆடினால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒளிக்குச்சி ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. இடம், நுனி வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில், வளையங்களுக்கு எதிர்ப்பக்கம். ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் உருளை) என்றால் வளையங்களும் கீழே தொங்கும், விளக்கு மேலே வரும். ரீல் ராடுக்கு மேல் உட்காரும் வகையில் அது தலைகீழ். மாற்றிக் கட்டினால் வீசும்போது நரம்பு விளக்கில் சுற்றி, எடைக்குக் கட்டிய ஈயம் ஒரு பக்கமும் இரை ஒரு பக்கமும் போகும்.

குச்சியோடு வருகிற சின்ன பிளாஸ்டிக் வளையம் லேசான வீச்சுக்குத் தாங்கும். கடற்கரையில் கனமான ஈயம் போட்டு முழு உடம்பையும் கொடுத்து வீசுகிறவர்களுக்குத் தாங்காது. அவர்களுக்கு நாடாதான் சரி. மேலும் கீழும் இரண்டு சுற்று, நடுவில் வெளிச்சத்துக்கு இடம், நாடாவின் கடைசி நுனியை மடித்து ஒரு காது விட்டுவிட வேண்டும். விடியற்காலையில் விரல் மரத்துப்போன நேரத்தில் அந்தக் காது இல்லாவிட்டால் உரிப்பது பெரும்பாடு. எனக்கு இதைவிடப் பிடித்தது, நுனியில் ஒளிபுகும் சிலிகான் குழாய்த் துண்டு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, போகும்போது குச்சியை மட்டும் செருகுவது. எதுவானாலும் வீசி முடித்ததும் விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதி கழன்று தொங்குகிற குச்சி காற்றுக்கு ஆடும், மனிதனை இரவு முழுக்க ஏமாற்றும்.

மீனுக்கு இந்த வெளிச்சம் பயம் காட்டாதா என்று கேட்பார்கள். நீருக்கடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். கரையில் நிற்கும் ராடின் பொட்டு வெளிச்சம், வெகுதூரத்தில் அடியில் கிடக்கும் இரையருகே வரும் மீனுக்கு ஒன்றுமே இல்லை. அதே காரணத்தால் மீனை இழுத்துக்கொண்டும் வராது. பயம் காட்டுவது நாம் எழுந்து, தலைவிளக்கோடு நீர்மேல் இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பது. கரையோரத் தெளிந்த நீரில் அது நிச்சயம் கெடுதல்.

இனி, விளக்கு என்ன சொல்கிறது? மேல் புள்ளி படபடவென்று நடுங்கி நின்றால் பொடிமீன். விட்டுவிடலாம், ரொம்ப நேரம் நடுங்கினால் இரை தீர்ந்திருக்கும். அலை உள்ள இடத்தில் நுனி ஒரு தாளத்தில் தலையாட்டிக்கொண்டே இருக்கும். முதலில் கொஞ்ச நேரம் அந்தத் தாளத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதன் பிறகு தாளம் தவறுகிற இடம்தான் மீன். சன்னமாக, இறங்கியதும் தெரியாமல் கோடு சாய்ந்துகொண்டே போய், நடுக்கமே இல்லாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் நரம்பில் பாசி. இரண்டு தட்டு தட்டி, ஒரு கணம் நின்று, பிறகு மேல் புள்ளி விடாமல் கீழே போனால் அதற்காகத்தான் வந்திருக்கிறோம். சாதாரண முள் என்றால் சுண்டி இழுக்கலாம். கூர் உள்நோக்கி வளைந்த வட்ட முள் என்றால் சுண்டவே கூடாது. நுனி இறங்கி இறங்கிய இடத்திலேயே நிற்கும்வரை கை கட்டி உட்கார்ந்து, அப்புறம் ரீலைச் சுற்றினால் போதும், முள் தானாக வாயோரம் மாட்டும்.

பலர் தவறவிடுவது இதற்கு நேர் எதிரானது. நீரோட்டத்தாலோ ஈயத்தின் பிடிப்பாலோ லேசாக வளைந்திருந்த நுனி திடீரென்று நிமிர்ந்துவிடும். விளக்கு கீழே போகாமல் மேலே எழும்பும். நரம்பு தளர்ந்தது என்று அர்த்தம்: மீன் இரையைக் கவ்வி, ஈயத்தையும் கிளப்பிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. ஒற்றை விளக்கில் இது "ஏதோ ஆடிச்சு, நின்னுடுச்சு" என்று தோன்றும். இரண்டு புள்ளி இருந்தால் சாய்ந்திருந்த கோடு நேராவது பளிச்சென்று தெரியும். அப்போது சுண்டுவதில் பயனில்லை, தளர்ந்த நரம்பில் சுண்டினால் காற்றைத்தான் சுண்டுவோம். எடை கையில் தெரியும்வரை வேகமாகச் சுற்ற வேண்டும்.

விலாங்கு, பெரிய கெளுத்தி போல இரையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நகர்ந்து விழுங்குகிற மீன்களுக்கு நரம்பைத் தளர்வாக விட்டுப் பிடிக்கும்போது நுனி விளக்கால் பயனே இல்லை. அங்கே விளக்கு இருக்க வேண்டிய இடம் ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில், நரம்பிலேயே. லேசான ஒரு தொங்கட்டானில் குச்சியைச் செருகி நரம்பில் மாட்டிவிட்டால், மீன் விலகி ஓடும்போது அது மேலே ஏறும், நம்மை நோக்கி வந்தால் கீழே இறங்கும். சுற்றத் தொடங்குவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும், அல்லது இழுப்பில் தானே கழன்றுகொள்கிற மாதிரி மாட்ட வேண்டும்.

மீன் மாட்டிய பிறகு நுனி விளக்குக்கு வேலை இல்லை. பலர் பழக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு மீனோடு மல்லுக்கட்டுவார்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது நரம்பு நீருக்குள் இறங்குகிற இடம். மீன் கரைக்கு அருகில் வரும்வரை தலைவிளக்கை அணைத்தே வைத்து, நரம்பின் கோணத்தைக் கையால் உணர்ந்துகொண்டு வரலாம். மீனை அள்ளுகிற கைவலையைப் பிடிப்பவர் முதலில் வலையை நீருக்குள் இறக்கி வைத்துக்கொள்ளட்டும், விளக்கை அதற்குப் பிறகு போடட்டும், வலைக்கு மேலே மட்டும், தாழ்வாக.